அறக்கொட்டி ஒன்றல்ல

(கதிரவெளி விவசாயிகளிடையே நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரும்போக வேளாண்மை குடலைக்கு வரும் நாட்களில் கதிரவெளி வயல்வட்டைகளில் வரம்போடு நடப்பவர்கள் நெல்லின் தலையைப் பார்ப்பதில்லை. குனிந்து, பயிரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியைப் பார்க்கிறார்கள். அறக்கொட்டி இருப்பது அங்கேதான். தட்டினால் தண்டைச் சுற்றிப் பக்கவாட்டில் நகரும். இன்னும் தட்டினால் தத்தித் தண்ணீரில் விழும். முற்றி வளர்ந்தாலும் ஐந்து மில்லிமீற்றரை எட்டாத பூச்சி அது. விவசாயத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரங்களில் அதன் பெயர் கபில நிறத் தத்தி. தமிழ்நாட்டு உழவருக்கு அது புகையான். ஆய்வுக்கூடங்களில் நிலாபர்வதா லூகென்ஸ்.

இலையில் உண்டாகும் உணவை வேருக்குக் கொண்டுபோகும் உரியக் குழாயில் ஊசி போன்ற வாயைச் செருகி, சாற்றை உறிஞ்சுவதே அதன் வாழ்க்கை. ஒரு தண்டில் இரண்டொன்று இருந்தால் நெல் பொறுத்துக்கொள்ளும். கூட்டம் பெருகினால் பயிர் மஞ்சளித்து, வட்டம் வட்டமாகக் காய்ந்து சாயும். பயிரைக் குட்டையாக்கும் இரண்டு வைரசு நோய்களையும் அது பரப்புகிறது. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறக்குறைய ஒரு மாதம். மூன்று, மூன்றரை மாத நெல்லில் மூன்று தலைமுறைகள் பிறந்து வளர்ந்துவிடுகின்றன.

இவ்வளவும் இங்கே அமர்ந்திருக்கும் பலருக்குப் பழகிய செய்தி. விளங்காமல் இருப்பது வேறொன்று. வாகரையில் கேட்ட மருந்து பால்சேனையில் கேட்கவில்லை என்பார்கள். போன போகம் தாங்கிய நெல் இந்தப் போகம் படுத்துவிட்டது என்பார்கள். உடனே பழி மருந்துக் கடைக்குப் போகும், இல்லையென்றால் விதை நெல்லுக்குப் போகும். சில வேளைகளில் அந்தப் பழி சரியாகவும் இருக்கலாம். ஆனால் விடையின் பெரும்பகுதி பூச்சிக்குள்ளேயே இருக்கிறது. அறக்கொட்டி என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் இந்தப் பூச்சி, ஊருக்கு ஊர், நெல்லுக்கு நெல், மருந்துக்கு மருந்து வேறுபட்ட கூட்டங்களாக வாழ்கிறது. அந்த வேறுபாடு மரபணுவில் எழுதப்பட்டது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் குஞ்சுக்குப் போவது. அதைக் கணக்கில் எடுக்காமல் செய்த ஒவ்வொரு பெரிய முயற்சியும் ஆசியாவில் ஒருமுறையாவது தோற்றிருக்கிறது.

அந்தக் கதையைப் பிலிப்பைன்ஸிலிருந்து தொடங்கலாம். லொஸ் பானோஸ் நகரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் 1966 இல் ஐ.ஆர். 8 என்ற நெல்லை வெளியிட்டது. குட்டைப் பயிர், கூடிய விளைச்சல், கூடிய யூரியா, ஒரு போகம் முடிந்த கையோடு மறு போகம். பசி தீர்ந்தது உண்மை. அதே நேரத்தில் தழைச்சத்து நிறைந்த, நெருக்கமான, ஆண்டு முழுவதும் பசுமையான வயல் அறக்கொட்டிக்குக் கிடைத்தது. அதுவரை சிறு தொல்லையாக இருந்த பூச்சி எழுபதுகளில் நாடுகளை உலுக்கியது. 1973-74 இல் கேரளத்தின் குட்டநாட்டு வயல்கள் கருகியதை அங்குள்ள முதியவர்கள் இன்றும் மறக்கவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான நெல்லினங்களைத் தத்திகளின் முன் வைத்துச் சோதித்தார்கள். இந்தியாவின் முத்கோ என்ற பழைய நெல் தாங்கியது. அதன் எதிர்ப்புக்குக் காரணமான மரபணுவுக்கு பி.பி.எச். 1 என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.எஸ்.டி. 7 இல் இன்னொரு மரபணு கிடைத்தது. அது பி.பி.எச். 2. முதலாவது மரபணுவைச் சுமந்த ஐ.ஆர். 26 என்ற நெல் 1973 இல் வெளியானது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம் நாடுகளின் உழவர்கள் அதை ஆவலோடு விதைத்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதே வயல்களில் தத்திகள் அதைத் தின்று தீர்த்தன.

நடந்தது என்ன? தத்திகள் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. முன்பிருந்த பெருங்கூட்டத்துக்குள்ளேயே, ஐ.ஆர். 26 இன் சாற்றை உண்டு தாக்குப்பிடிக்கக்கூடிய மரபணு வடிவங்கள் கொண்ட சில பூச்சிகள் இருந்தன. மற்றவை பசியால் சாக, அந்தச் சிலவற்றின் குஞ்சுகள் வயலை நிரப்பின. பல இலட்சம் ஏக்கரில் ஒரே நெல்லை விதைத்தது அந்தப் பூச்சிகளுக்கு வழிவிட்டது. 1976 இல் பி.பி.எச். 2 கொண்ட ஐ.ஆர். 36 வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடியே பத்து இலட்சம் ஹெக்டேயர் வரை அது பரவியது. காலம் கடந்து அதற்கும் ஈடுகொடுக்கும் தத்திகள் தோன்றின. விஞ்ஞானிகள் இந்தக் கூட்டங்களை முதலாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று எண்ணிட்டார்கள்.

இலங்கைக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. தென்கிழக்காசியாவில் சில ஆண்டுகளாவது நின்று பிடித்த முத்கோவும் ஏ.எஸ்.டி. 7 உம் இலங்கையிலும் இந்தியாவிலும் சோதனைக்கு வைத்தபோதே விழுந்தன. அம்பாசமுத்திரத்து நெல் அம்பாசமுத்திரம் இருக்கும் பெருநிலத்துத் தத்திக்கே தாங்காமல், பிலிப்பைன்ஸ் தத்திக்குத் தாங்கியது. தெற்காசியத் தத்தி வேறு கூட்டம் என்பது அப்போது தெளிவாயிற்று. நான்காம் வகை என்று அதற்கு எண் கொடுத்தார்கள். அந்த முரட்டுக் கூட்டத்தையும் தாங்கிய நெல்கள் எங்கே இருந்தன? கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33, இலங்கையின் ரத்து ஹீனெட்டி, பபாவீ. ரத்து ஹீனெட்டியிலிருந்து பி.பி.எச். 3 என்ற மரபணுவும், பபாவீயிலிருந்து பி.பி.எச். 4 உம் அடையாளம் காணப்பட்டன. 1977 இல் இவற்றை விவரித்தவர்களில் ஒருவர் நெல் இனவிருத்தியில் உலகப் புகழ்பெற்ற குர்தேவ் குஷ். எண்பதுகளில் ஐ.ஆர். 56, ஐ.ஆர். 60 முதலிய நெல்களுக்குள் பி.பி.எச். 3 சென்றது. யாரோ ஒரு சிங்கள உழவரின் வயலில் தலைமுறை தலைமுறையாக விதைக்கப்பட்டு வந்த சிவப்பரிசி நெல், தென்கிழக்காசியாவின் வயல்களைக் காத்திருக்கிறது. 2015 இல் சீன விஞ்ஞானிகள் அந்த எதிர்ப்பைப் பிரித்துப் பார்த்தபோது, அது ஒரு மரபணு அல்ல, அடுத்தடுத்து அமைந்த மூன்று மரபணுக்களின் கூட்டுவேலை என்று தெரிந்தது. ஒன்றைத் தாண்டும் தத்திக்கு மற்ற இரண்டும் தடையாகும். அதன் நீடித்த உழைப்புக்கு இது ஒரு விளக்கம்.

குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் வாளாவிருக்கவில்லை. பி.டி.பி. 33 இன் எதிர்ப்பைக் கலந்து அவர்கள் 1980 இல் பி.ஜி. 379-2 ஐ வெளியிட்டார்கள்.

ஆனால் வகை ஒன்று, வகை இரண்டு என்று எண்ணிடுவது போதுமா என்ற கேள்வியை எழுப்பியவர்கள் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரைச் சேர்ந்த மைக்கேல் கிளாரிட்ஜும் அவரது உடன் ஆய்வாளர் டென் ஹொலாண்டரும். எண்ணிட்ட வகைகளில் ஒன்றைப் பிடித்து, மற்றொரு வகைக்குரிய நெல்லில் ஏறக்குறைய பத்துத் தலைமுறை வளர்த்தார்கள். முதல் வகை மற்ற வகையாகிவிட்டது. பத்துத் தலைமுறை என்றால் இந்த வெப்ப நாட்டில் ஓராண்டுகூட வேண்டியதில்லை. அப்படியானால் அந்த வகைகள் கல்லில் வெட்டிய எல்லைகள் அல்ல. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஏற்கெனவே பலவிதப் பூச்சிகள் கலந்திருக்கின்றன, எந்த நெல்லை விதைக்கிறோமோ அதற்கேற்றவை மேலெழுகின்றன. 1982 இல் அவர்களது குழு இலங்கைத் தத்திகளையே ஆராய்ந்து வெளியிட்டது. இங்குள்ள தத்திகள் தாம் வாழ்ந்த இடத்து நெல்லுக்கு இசைந்திருப்பதை அது பேசியது. நாற்பது ஆண்டுக்கு மேல் பழைய ஆய்வு அது. ஒரு சிறு தீவுக்குள்ளும் அறக்கொட்டி ஒன்றல்ல என்பதை அப்போதே சொல்லிவிட்டார்கள். கிழக்கு மாகாணத்து விவசாயக் கூட்டங்களில் அது இன்னும் உரத்துப் பேசப்படவேண்டிய செய்தி.

கார்டிஃப் குழுவின் இன்னொரு ஆய்வு கேட்பதற்கே இனியது. அறக்கொட்டியின் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அழைப்பது நெல்தண்டின் வழியாக. வயிற்றை அதிரச்செய்து தண்டில் ஒரு நடுக்கத்தை உண்டாக்கும். மனிதக் காதுக்கு அது எட்டாது, கருவி வைத்தால் கேட்கலாம். வெவ்வேறு நாட்டுத் தத்திகளின் அழைப்பைப் பதிவுசெய்தபோது அதிர்வின் வேகம் வேறுபட்டது. அவுஸ்திரேலியத் தத்தியின் அழைப்பு ஆசியத் தத்தியினதிலிருந்து தெளிவாக விலகி நின்றது. பிலிப்பைன்ஸில் நெல்வயலோரம் லீர்சியா என்னும் புல்லில் வாழும் தத்திகள் பார்வைக்கு அச்சு அசலாக நெல் தத்திகளே. அழைப்பு மட்டும் வேறு. அவை நெல் தத்திகளோடு வயலில் கூடுவதில்லை. தனி இனமாகவே கொள்ளத்தக்கவை. ஒரே வயற்கண்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு கூட்டம்.

இந்த வேறுபாடுகளை இன்று மரபணுவிலேயே வாசிக்க முடியும். அறக்கொட்டியின் முழு மரபணுத் தொகுதி 2014 இல் வெளியானது. அதில் ஏறக்குறைய 114 கோடி எழுத்துகள். மனிதனுடையதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மரபணுக்கள் 27,000க்கு மேல். அந்த ஆய்வு பூச்சியோடு நிற்கவில்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சையையும் ஒரு பக்டீரியாவையும் சேர்த்து வாசித்தது. நெற்சாற்றில் சீனி நிறைய, புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் குறைவு. அந்தக் குறையைப் பூஞ்சை நிரப்புகிறது. அந்தப் பூஞ்சை தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆக, வயலில் நிற்பது ஓர் உயிர் மட்டுமல்ல, ஒரு குடித்தனம்.

கூட்டங்களின் வழித்தடத்தைத் தேட விஞ்ஞானிகள் முதலில் பார்ப்பது இழைமணியின் மரபணுவை. உயிரணுவுக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணி தாய்வழியாக மட்டுமே குஞ்சுக்குப் போகும். மட்டக்களப்பாருக்கு இதை விளக்க அதிகம் பேசத் தேவையில்லை: பிள்ளைக்குத் தாயின் குடியே குடி என்பதுபோல, தத்திக்கும் தாயின் இழைமணியே இழைமணி. தந்தை எந்த வட்டையிலிருந்து பறந்து வந்தாலும் அந்த முத்திரை மாறாது. ஒரு வயலில் பத்துப் பூச்சி பிடித்துப் பத்திலும் ஒரே முத்திரை இருந்தால், அண்மையில் சில தாய்களிலிருந்து பெருகிய கூட்டம் என்று ஊகிக்கலாம். பல முத்திரைகள் கலந்திருந்தால் பல திசையிலிருந்து வந்து சேர்ந்த பழைய கூட்டம். தந்தைவழிக் கலப்பை அறிய உட்கருவின் மரபணுக்களையும் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒருங்கே வாசித்தால்தான் படம் முழுமையாகும்.

அறக்கொட்டி நெடுந்தூரம் பறக்கும் என்பதால் இந்த வாசிப்பு அவசரமானது. 1967 இல் யப்பானுக்குத் தெற்கே, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் நின்ற வானிலைக் கப்பல் ஒன்றின் மேல் தத்திகள் வந்து இறங்கின. யப்பானில் குளிர்காலத்தைத் தாங்காத இந்தப் பூச்சி ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது என்ற பழைய புதிருக்கு அங்கே விடை கிடைத்தது: காற்றேறிக் கடல் தாண்டி வருகிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இருப்பது முப்பது கிலோமீற்றர் அளவுதான். ஆனால் பயிர் பசுமையாக இருக்கையில் பெரும்பாலும் குறுஞ்சிறகுப் பெண்கள் பிறக்கும். அவை பறக்காது, முட்டையை மட்டும் கொட்டும். கூட்டம் நெருங்கிப் பயிர் வாடத் தொடங்கினால் நெடுஞ்சிறகுப் பூச்சிகள் பிறந்து வெளியேறும். எந்தச் சிறகு வளரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு இன்சுலின் ஏற்பிகள் என்று சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தார் 2015 இல் காட்டினார்கள். மனித உடலில் சர்க்கரை நோயோடு தொடர்புடைய அதே இன்சுலின் பாதை இங்கே சிறகின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். தொண்ணூறுகளில் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிநாசினி ஆசிய நெல்வயல்களுக்கு வந்தது. சிறிதளவே போதும், தத்தி செத்தது. பத்தாண்டு அப்படியே ஓடியது. 2003 அளவில் தாய்லாந்திலிருந்து தாங்கும் தத்திகள் பற்றிய தகவல் வந்தது. 2005 இல் சீனாவில் பேரழிவு. யப்பானிய ஆய்வாளர் மாட்சுமுராவின் குழு பல நாட்டுத் தத்திகளைச் சேர்த்து ஒரே அளவுகோலால் சோதித்து 2008 இல் வெளியிட்டது: வியட்நாம், சீனா, யப்பான் தத்திகள் அந்த மருந்தைத் தாங்கின, பிலிப்பைன்ஸ் தத்திகள் தாங்கவில்லை. பூச்சி ஒன்று, மருந்து ஒன்று, ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் விடை வேறு. காரணமும் பின்னர் பிடிபட்டது. மருந்தை உடைக்கும் நொதியைச் செய்யும் சி.வை.பி. 6 ஈ.ஆர். 1 என்ற மரபணு, தாங்கும் தத்திகளில் இரட்டித்து, ஒரு பிரதி மாற்றமடைந்து, மருந்தைச் சிதைக்கும் வேலையைத் தனித்தொழிலாக எடுத்துக்கொண்டிருந்தது. 2018 இல் வெளியான அந்த ஆய்வு, விஷத்துக்கு எதிரான ஆயுதம் எப்படி உருவாகிறது என்பதற்கு மிகத் தெளிவான சாட்சி.

அடிக்கடி மருந்தடிக்கும் வயலில் இரண்டு தீங்குகள் ஒன்றாக நடக்கின்றன. தாங்கும் மரபணு உள்ளவை மிஞ்சுகின்றன, அது ஒன்று. சிலந்திகளும், அறக்கொட்டி முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை நிற மிரிட் பூச்சியும் முதலில் சாகின்றன, அது மற்றது. அறக்கொட்டியின் முட்டையோ இலையுறைக்குள் பதிந்து மருந்துக்கு ஒளித்திருக்கும். பத்து நாளில் அது பொரிக்கும்போது தின்பதற்கு எதிரி இல்லை. இந்தோனேசியா இதை அனுபவத்தால் கற்றது. மருந்துக்கு அரசு மானியம் கொடுத்த அந்த நாட்டில் தத்தி குறையவில்லை, கூடியது. 1986 இல் சனாதிபதி சுகார்ட்டோ நெல்லுக்கு 57 வகைப் பூச்சிநாசினிகளைத் தடைசெய்தார். அரசியலில் அவரைப் பற்றி எத்தனை கருத்து இருந்தாலும், நெல்வயலுக்கு அது நல்ல கட்டளை.

ஒரே பெயருக்குள் பல கூட்டங்கள் என்ற பாடம் வேறு பூச்சிகளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டார் ஆனைக்கொம்பன் என்னும் நெல் ஈயில் இந்தியாவில் மட்டும் ஏழு வகைகள் பிரிக்கப்பட்டுள்ளன. மிளகாய்க்கும் மரவள்ளிக்கும் நோய் கொண்டுவரும் வெள்ளை ஈ, ஒரே தோற்றத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட தனி இனங்களை ஒளித்து வைத்திருக்கிறது. சோளனைத் தின்னும் சேனா படைப்புழுவின் கதை மறுபக்கம். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான அது 2016 இல் ஆபிரிக்காவுக்கும், 2018 இல் இந்தியாவுக்கும், அதே ஆண்டின் கடைசியில் இலங்கைக்கும் வந்தது. பெரிய தாய்நிலத்திலிருந்து பெயர்ந்த கூட்டம் என்பதால் அதன் மரபணு வகைமை இங்கே ஒடுங்கியது. ஆனாலும் சேதம் ஒடுங்கவில்லை. அறக்கொட்டியோ பல்லாயிரம் ஆண்டு ஆசிய நெல்லோடு வாழ்ந்த பூச்சி. அதன் கையிருப்பு மிகப் பெரிது.

கட்டுமுறிவுக் குளத்தின் கீழும், பனிச்சங்கேணி முதல் வெருகல் வரையும் வேளாண்மை செய்பவர்கள் இதை வைத்து என்ன செய்யலாம்? பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்திலேயே சில தீர்மானங்கள் எடுக்கலாம். ஒரு வட்டை முழுவதும் ஒரே கிழமைக்குள் விதைத்து, அறுவடைக்குப் பின் வயலைப் பயிரின்றி விட்டால் தத்தியின் தலைமுறைத் தொடர் அறும். அதே வேளை எல்லாரும் ஒரே நெல்லை விதைக்கக்கூடாது. எதிர்ப்பு மரபணு வேறுபட்ட இரண்டு மூன்று இனங்களை வயற்கண்டங்களுக்கிடையே பிரித்து விதைப்பது ஐ.ஆர். 26 இன் விதியைத் தவிர்க்கும். யூரியாவை அளந்து, பிரித்து இடவேண்டும். மருந்தடிக்க வேண்டி வந்தால் ஒரே வகை நாசினியைத் திரும்பத் திரும்பத் தொடாமல், செயற்படும் விதம் வேறுபட்டதை எடுக்கவேண்டும். விற்பனைப் பெயர் மாறினால் மருந்து மாறியதாகாது. போத்தலில் உள்ள மூலப்பொருளின் பெயரை வாசித்துப் பார்க்கவேண்டும்.

அதோடு, வட்டைக்கு ஒரு சிறு சோதனைப் பாத்தி போதும். முத்கோ, ஏ.எஸ்.டி. 7, ரத்து ஹீனெட்டி, பபாவீ, பி.டி.பி. 33, எளிதில் விழும் தைச்சுங் நேட்டிவ் 1 ஆகியவற்றை வரிசையாக நட்டு, எது எப்போது விழுகிறது என்று எழுதி வைத்தால் அந்த வட்டைத் தத்தியின் குணம் ஒரே போகத்தில் தெரிந்துவிடும். கன்னொறுவையில் உள்ள பயிர் மரபணு வள நிலையம் பழைய நெல்லினங்களின் விதையைப் பாதுகாக்கிறது. சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடமும் இருக்கின்றன. விதையையும் சோதனைக்கான உதவியையும் விவசாயச் சங்கங்கள் இவற்றிடம் எழுத்தில் கேட்கவேண்டும்.

மரபணுச் சோதனைக்கான பூச்சி சேகரிப்பு அதைவிட எளிது. ஒரு கண்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக இருபது முப்பது பூச்சிகளை, ஒரே தண்டிலிருந்து பலவற்றை எடுக்காமல், பிடித்து 95 வீத மதுசாரக் குப்பியில் போடவேண்டும். ஒரே தண்டில் இருப்பவை ஒரு தாயின் பிள்ளைகளாக இருக்கக்கூடும். குப்பிக்குரிய தாள் துண்டில் வட்டையின் பெயர், நெல்லினம், திகதி, அந்தப் போகத்தில் அடித்த மருந்துகள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதவேண்டும், ஏனென்றால் மதுசாரம் மையைக் கரைத்துவிடும். லீர்சியா போன்ற வரம்புப் புற்களில் பிடித்தவற்றுக்குத் தனிக் குப்பி வேண்டும். முதல் மருந்து அடிப்பதற்கு முன்பே ஒரு தடவை எடுத்துவிடவேண்டும். மருந்துக்குப் பின் எடுத்தால் மிஞ்சியவை மட்டும் குப்பிக்குள் வரும். செத்தவற்றின் மரபணு எதுவென்று ஒப்பிடுவதற்கு ஒன்றும் இருக்காது.